பதில்: ஆல்கோ ஷண்டிங் இன்ஜின், எஸ்-1 ஆ எஸ்-2 ஆ?

நியூயார்க் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தின் பெயின்ட் அடித்த ஓர் இன்ஜின் படத்தை அனுப்பி, மாடல் செய்வதற்காக அது அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் ஷண்டிங் (யார்டில் பெட்டிகளை நகர்த்தும்) டீசல் இன்ஜின்களில் எஸ்-1 ஆ எஸ்-2 ஆ என்று கேட்டிருந்தீர்கள். அந்த நிறுவனம் இரண்டு வகையையும் வாங்கியது, அதனால் பெயின்டை வைத்து முடிவு செய்ய முடியாது. முதலில் மூக்குப் பகுதியின் பக்கவாட்டில் உள்ள ரேடியேட்டர் ஷட்டரை (காற்று புகும் பலகைத் திறப்பை) பாருங்கள். அகலத்தைவிட உயரம் அதிகமென்றால் எஸ்-1. அகலம் அதிகமென்றால் எஸ்-2. பிறகு புகைக்குழாய்: எஸ்-1-இல் ஒல்லி, அடிப்பகுதி வட்டம். எஸ்-2-இல் பருமன். இரண்டின் உள்ளேயும் இருப்பது அதே ஆறு சிலிண்டர் 539 ரக டீசல் மோட்டார்தான். எஸ்-2-இல் டர்போ (கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) சேர்த்ததால் எஸ்-1-இன் 660 குதிரைத்திறன் 1000 ஆனது, வெளியேறும் புகையும் வெப்பமும் கூடின. அதற்குத்தான் பெரிய குழாய், பெரிய ரேடியேட்டர்.

போகியை (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை) மட்டும் நம்பாதீர்கள். அதில் இரண்டு வடிவமைப்புகள் உண்டு: பிளன்ட் போகி என்றால் பெரும்பாலும் எஸ்-1 அல்லது எஸ்-2, ஏஏஆர் போகி என்றால் பின்னர் வந்த எஸ்-3 அல்லது எஸ்-4. ஆனால் ஒர்க்ஷாப்பில் மாற்றிப் பூட்டியவையும் உண்டு. ஷட்டர் தெரியும் பக்கவாட்டுப் படம் கிடைக்கும்வரை மாடலின் மேல்கூட்டை வாங்க வேண்டாம்.