தீவிரமான நம்பிக்கைகளைச் சிலர் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்? அவர்களால் மாற முடியுமா?

முடியும். என் மாமா மாறினார். முழுதாக மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன், பாதி தூரம் வந்திருக்கிறார். அதற்கே ஐந்து வருடம் ஆனது. அதில் முதல் இரண்டு வருடத்தை நான்தான் கெடுத்தேன். வேறு யாரும் அதே தவற்றைச் செய்ய வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு விடை தப்பாக வந்தால் எந்த வரியில் பிசகியது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அத்தை இறந்த பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முடிவுக்கு வந்தார்: மருத்துவம் என்பதே பெரிய சதி, மாத்திரை எல்லாம் மெல்லக் கொல்லும் விஷம், தடுப்பூசி மக்கள்தொகையைக் குறைப்பதற்கான ஏற்பாடு. பேச்சோடு நிற்கவில்லை. தன் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

நான் சண்டை போட்டேன். ஒரு கட்டுரை அனுப்பினால் பதிலுக்குப் பத்து வீடியோ வரும். அப்புறம்தான் தெரிந்தது, அவர் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார் என்று. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் நான் சொன்னது, வலது பக்கம் அதற்கு மறுப்பு. முக்கியமான வரிகளுக்கு ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்கோடு. நான் கொண்டுபோன ஒவ்வொரு ஆதாரமும் அவருக்கு ஒரு வீட்டுப்பாடமாகப் போயிருந்தது.

இப்படிப்பட்டவர்களை முட்டாள் என்றோ மூளைச்சலவை செய்யப்பட்டவர் என்றோ சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவு கூடினால் தவறான நம்பிக்கை தானாக விலகும் என்பதும் உண்மையில்லை. கெட்டிக்காரர் தன் நம்பிக்கைக்கு இன்னும் கெட்டியாக முட்டுக்கொடுப்பார்.

ஹிரூ ஒனோடா என்ற ஜப்பானிய ராணுவ அதிகாரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1944 இறுதியில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே போர் முடிந்துவிட்டது. அவர் அதை நம்பவில்லை. 1974 வரை, கிட்டத்தட்ட 29 வருடம், காட்டுக்குள்ளேயே போரை நடத்திக்கொண்டிருந்தார். ஆதாரம் கிடைக்காமல் இல்லை. துண்டுப்பிரசுரங்கள் போட்டார்கள். குடும்பத்தாரின் கடிதங்களையும் படங்களையும் போட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்து நுணுக்கமாகப் படித்துவிட்டு, எதிரியின் தந்திரம் என்று ஒதுக்கினார். கடைசியில் 1974இல் நோரியோ சுசுகி என்ற இளைஞர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். என் மேலதிகாரி வந்து உத்தரவிட்டால்தான் ஆயுதத்தைக் கீழே வைப்பேன் என்று ஒனோடா சொன்னார். அந்த முன்னாள் மேஜர் தானிகுச்சி, அப்போது புத்தக வியாபாரி, ஜப்பானிலிருந்து நேரில் வந்து உத்தரவை வாசித்தார். அதன் பிறகே சரணடைந்தார்.

கட்டளைக்குக் கீழ்ப்படிந்த வீரன் என்று இந்தக் கதையைப் புகழ்ந்து எழுதுவார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்துகிறது. அந்த வருடங்களில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் தீவின் மக்கள் பலரைக் கொன்றிருக்கிறார்கள். கூட இருந்தவர்களில் ஒருவர் 1954இல் சுடப்பட்டு இறந்தார், இன்னொருவர் 1972இல். போர் 1945லேயே முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அத்தனை சாவுக்கும் என்ன கணக்கு? அந்தக் கேள்வியோடு ஒரு மனிதன் காட்டுக்குள் தனியாக எப்படி உட்கார்ந்திருப்பான்? ஒரு துண்டுப்பிரசுரம் அவரிடம் கேட்டது சின்ன விஷயமில்லை. தன் வாழ்க்கையையே தூக்கி எறியச் சொன்னது.

தீவிர நம்பிக்கையைப் பற்றி எனக்குப் புரிந்தது இதுதான். அது பொய் என்று ஆனால் எதை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்குமோ, அந்தப் பயம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சிலருக்கு அது குற்ற உணர்ச்சி. சிலருக்கு அவமானம். சிலருக்கு, இந்தக் கூட்டத்தை விட்டால் தனக்கு வேறு ஒருவரும் இல்லை என்ற தனிமை.

மாமாவுக்கு எது என்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தெரிந்தது. யோசித்து, திட்டம் போட்டுப் போனேன் என்று சொன்னால் பொய். வாதாடிக் களைத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். "மாமா, அத்தைக்கு அன்னைக்கு என்னதான் ஆச்சு? எனக்கு முழுசாத் தெரியாது" என்று கேட்டேன்.

எதுவும் பேசாமல் எழுந்து போனார். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பில்கள், எக்ஸ்ரே உறை எல்லாம் தேதி வாரியாக இருந்தன. ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை படிந்திருந்தது. மூன்றாவது தாளில் ஒரு நேரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். காலை 6.40. அத்தையைச் சேர்த்த நேரம். ஒரே வட்டத்தை மறுபடி மறுபடி போட்டதில் அந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது.

"முந்தின நாள் சாயங்காலமே மூச்சு வாங்குதுன்னு சொன்னா. காலைல பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன், மாப்ளே."

ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் அவர் வாசலிலேயே நின்றிருக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு யாரும் நின்று பதில் சொல்லவில்லை. அத்தை போன பிறகும் ஒருவரும் உட்கார வைத்துப் பேசவில்லை. அவருக்கு முதலில் பதில் சொன்னது ஒரு வாட்ஸப் குழு. 'அவர்கள்தான் கொன்றார்கள்' என்றது அந்தக் குழு. அந்தப் பதிலில் ஒரு ஆறுதல் இருந்தது. டாக்டர்கள் கொன்றிருந்தால், அந்தச் சாயங்காலம் அவர் சொன்ன வார்த்தை கொல்லவில்லை.

இரண்டு வருடமாக நான் பிடுங்கப் பார்த்தது இதைத்தான். மருத்துவம் சரி, மாத்திரை நல்லது, நேரத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்று நான் நிரூபிக்க நிரூபிக்க, 'நீதான் காரணம்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எல்லாருக்கும் இப்படி ஒரு ஃபைல் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலர் பிறந்ததே அந்த நம்பிக்கைக்குள்தான். அமெரிக்காவின் டெரெக் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் வெள்ளையர் மேலாதிக்கம் பேசும் 'ஸ்டார்ம்ஃப்ரன்ட்' தளத்தைத் தொடங்கிய டான் பிளாக்கின் பிள்ளை. சின்ன வயதிலேயே அந்த இயக்கத்தின் வாரிசு என்று பேசப்பட்டவர். கல்லூரிக்குப் போன இடத்தில் விஷயம் வெளியே தெரிந்ததும் மாணவர்கள் கொதித்தார்கள், ஒதுக்கினார்கள். மேத்யூ ஸ்டீவன்சன் என்ற யூத மாணவர் மட்டும் தன் வெள்ளிக்கிழமை இரவு விருந்துக்குக் கூப்பிட்டார். வாரா வாரம் கூப்பிட்டார். அங்கே ஆரம்பத்தில் யாரும் கொள்கையைப் பற்றி விவாதிக்கவே இல்லை. தரவுகளை வைத்துப் பேசும் உரையாடல்கள் நட்பு பிடிபட்ட பிறகுதான் வந்தன. 2013இல் டெரெக் அந்தக் கொள்கையைப் பகிரங்கமாகக் கைவிட்டார்.

இதைச் சொல்லும்போது, 'பார்த்தீர்களா, அன்பு வென்றது' என்று முடித்துவிடுகிறார்கள். டெரெக் பிளாக்கே அப்படிச் சொல்லவில்லை. வெளியே மாணவர்கள் காட்டிய கோபமும் தன்னை யோசிக்க வைத்தது என்று சொல்லியிருக்கிறார். அது சரிதான் என்று எனக்கும் படுகிறது. 'நீ செய்வது மனிதர்களைக் காயப்படுத்துகிறது' என்று யாராவது உரக்கச் சொல்லத்தான் வேண்டும். அதைக் கேட்டுத் தடுமாறும்போது போய் உட்கார ஒரு இடமும் வேண்டும்.

மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு அந்த இடம் ட்விட்டரில் கிடைத்தது, நம்பக் கஷ்டமாக இருந்தாலும். அவருடைய தாத்தா தொடங்கிய வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச், ராணுவ வீரர்களின் சவ ஊர்வலத்துக்கு வெளியே வெறுப்புப் பதாகை பிடித்து நிற்கும் சர்ச். ஐந்து வயதிலிருந்தே அவரும் பதாகை பிடித்தவர். ட்விட்டரில் அவரைத் திட்டாமல் கேள்வி கேட்ட சிலரோடு பேச ஆரம்பித்தார். அவர்கள் வெளியிலிருந்து ஒரு உண்மையைக் கொண்டுவந்து திணிக்கவில்லை, அவர் நம்பும் வேதத்துக்குள்ளேயே இருக்கும் முரணைக் காட்டினார்கள். 2012 நவம்பரில் தங்கையோடு வெளியேறினார். அதற்கு அவர் கொடுத்த விலை அப்பா, அம்மா, வீடு. 'ஆதாரம் காட்டியும் ஏன் மாறவில்லை' என்று கேட்பவர்கள் அந்த விலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூட ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் சோதித்துக் காட்டினார். எந்தக் கோடு எதற்குச் சம நீளம் என்ற சின்னக் கேள்விதான். அறையில் மற்ற எல்லாரும் சொல்லிவைத்தபடி தவறான விடை சொன்னபோது, கலந்துகொண்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தவறான விடையையே சொன்னார்கள். அறையில் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னால் போதும், அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆதாரத்தால் பயனே இல்லை என்று நான் ஒரு காலத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் தவறு. 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், சதிக் கோட்பாடுகளை நம்பும் 2,190 பேர் செயற்கை நுண்ணறிவோடு உரையாடினார்கள். ஒவ்வொருவரும் தான் ஏன் நம்புகிறேன் என்று சொன்ன காரணத்துக்கே நேராகப் பதில் வந்தது. நம்பிக்கையின் வலு சராசரியாகச் சுமார் 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அது நீடித்தது. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஆதாரம் வேலை செய்யும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கான பதிலாக அது இருக்க வேண்டும், தோற்றுப்போனேன் என்று யார் முன்னாலும் தலைகுனிய வேண்டிய நிலை இருக்கக் கூடாது. குடும்பக் குழுவில் இருபது பேர் பார்க்க ஒருவரை மடக்கிவிட்டு, அவர் மாறவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

எனக்குக் கைகொடுத்த ஒரு சின்ன விஷயம்: 'ஏன் நம்புறீங்க?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் வக்கீலாகிவிடுவார். 'அது எப்படி நடக்குது, படிப்படியாச் சொல்லுங்க' என்று கேட்டால் அவரே தன் பேச்சில் ஓட்டை எங்கே என்று பார்க்க ஆரம்பிக்கிறார். தெரியும் என்று நாம் நினைக்கும் பல விஷயங்களை விளக்கப்போனால்தான் எவ்வளவு தெரியாது என்பது தெரியும். 2002இல் ரோசன்பிளிட், கைல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜிப் போன்ற சாதாரணப் பொருள்களை வைத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கும் இது பொருந்தும். தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று மாமா திருப்பிக் கேட்டபோது நான் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அதைப் பார்த்து அவர் முகம் இளகியது.

எல்லாரிடமும் இதைச் செய்யச் சொல்லவில்லை. யாருடைய வெறுப்பு உங்கள் மேலேயே பாய்கிறதோ, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. வன்முறைக் குழுக்களில் இருப்பவர்களை ஒற்றை ஆளாக மீட்கப் போகவும் வேண்டாம். ஸ்வீடனில் 1998இலும் ஜெர்மனியில் 2000இலும் 'எக்ஸிட்' என்ற பெயரில் தொடங்கிய அமைப்புகள் நவநாஜிக் குழுக்களிலிருந்து வெளியேறுபவர்களுக்கு உதவுகின்றன. இரண்டையும் தொடங்கியவர்களில் அந்த இயக்கத்திலிருந்து வெளியே வந்தவர்களும் இருந்தார்கள். வெளியே வந்தபின் வாழ்க்கை உண்டு என்பதற்கு அவர்களே சாட்சி.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். அந்த ஃபைலை எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் காட்டினேன். மாமாவும் வந்தார், வேண்டாவெறுப்பாகத்தான். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். முந்தின நாளே கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மாமா கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. பிறகு, "உங்களை உட்கார வெச்சு இதை அவங்க அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு" என்றார். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு இரவு போன் வந்தது. "மாப்ளே, சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்தோடதான் போகணுமா?" ஆமாம் மாமா என்றேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாத்திரை இப்போது ஒழுங்காகப் போடுகிறார். தான் நினைத்தது தவறு என்று இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறார். போன வாரம் தடுப்பூசி பற்றி மறுபடி ஒரு வீடியோ அனுப்பினார். முழுதாகப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிட்டு, அதில் சொல்வது எப்படி நடக்கும் என்று கேட்டேன். கொஞ்ச தூரம் விளக்கினார். பிறகு, "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.