தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: டென்வரில் இருக்கிறேன். பால்கனியில் வைத்திருக்கும் பீடியோகாக்டஸ் சிம்ப்சோனி கள்ளி அக்டோபரிலிருந்து சுருங்கி, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. செத்துவிடுமா? தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: ஊற்றிவிடாதீர்கள்! அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மலைச்சரிவுகளில் தானாக வளரும் கள்ளி இது. குளிர் வருமுன் தன் உடம்பிலுள்ள நீரைத் தானே குறைத்துக்கொள்ளும். நீர் குறைந்தால் செல்சாற்றில் சர்க்கரை அடர்ந்து, உறையும் வெப்பநிலை இறங்கும். செல்லுக்குள் பனிக்கட்டி உருவாகி அதைக் கிழிக்காது. வேர் உலர்ந்திருந்தால் மைனஸ் 25 டிகிரி செல்சியஸையும் தாங்கிவிடும்.

இதைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, ஈரம். பென்சிலின் பின்முனையால் அழுத்திப் பாருங்கள். சுருக்கம் இருந்தும் கெட்டியாக இருந்தால் நலம். அடிப்பகுதி பழுப்பாகி, கொழகொழவென்று அமுங்கினால் அழுகல், காப்பாற்றுவது அரிது.

கடையிலிருந்து வந்த தொட்டியில் பீட் மண் (சதுப்பில் மட்கிய பாசி) இருந்தால் வசந்தத்தில் மாற்றுங்கள். அது ஈரத்தை விடாது. 4–6 மி.மீ. பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது சரளை மூன்று பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு போதும். கழுத்தை, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தை, சுற்றி இரண்டு செ.மீ. வெறும் சரளை. மேலே மழை படாத கூரை, பக்கங்களில் காற்று. பரிதாபப்பட்டு வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் பலரும் செய்யும் தவறு: கதகதப்பில் உறக்கம் கலைந்து, வெளிச்சம் போதாமல் நீண்டு வெளுக்கும், பூவும் வராது. மார்ச்சில் உச்சி பசுமையாகி மொட்டு தெரிந்தபின் தண்ணீரைத் தொடங்குங்கள். கோடை வெயிலில் மறுபடி குறையுங்கள். அப்போதும் அது ஓய்வெடுக்கும்.

கேள்வி: இதே கள்ளியின் விதை விதைத்து ஐந்து மாதமாகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லையே?

பதில்: விதைக்குக் குளிர்காலம் கிடைத்திருக்காது. ஈர மணலில் கலந்து, உறைபெட்டியில் வைக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் எட்டு வாரம் வையுங்கள். டிசம்பரில் விதைத்துத் தொட்டியை வெளியே விடுவது அதைவிட எளிது. எல்லாம் ஒரே வசந்தத்தில் முளைக்காது; தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். உறங்கக் குளிரில்லை, இரவும் வெப்பம். மாமில்லாரியா வகைக் கள்ளியை வளருங்கள். ஊட்டியில் வீடிருந்தால் ஆண்டிஸ் மலைக்கள்ளியான ரெபூசியா பொருத்தம். மழைக்கு மறைப்பு மட்டும் கட்டாயம்.