ரூம் போடும் முன்னே ஒரு போன் போடுங்கள்

வயதான அம்மா அப்பாவோடு வெளியூர் போகும்போது குறைந்த வாடகையில் எங்கே தங்குவது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நாலு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. கண்புரை அறுவை சிகிச்சைக்காக நுங்கம்பாக்கம் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன், சென்னையில் மூன்று நாள் தங்க வேண்டும். ஒரு நாளுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. ஆப்பில் பார்த்தால் எல்லா ரூமும் ஒரே மாதிரி பளபளவென்று இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: போட்டோக்களை விட்டுவிடுங்கள். அதில் கட்டில் இருக்கும், டிவி இருக்கும், மடித்து வைத்த துண்டு இருக்கும், உங்கள் அம்மா வழுக்கி விழக்கூடிய இடம் மட்டும் இருக்காது. நம் ஊர் பழைய லாட்ஜ்களில் பாத்ரூம் தரை அறையின் தரையை விட அரை அடி மேலேயோ கீழேயோ இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிற, கண்ணில் கட்டு வேறு போட்டிருக்கிற ஒருவரைக் கீழே தள்ள அந்த அரை அடி போதும். அதனால் முதல் கேள்வி பாத்ரூம் பற்றித்தான். வெஸ்டர்ன் டாய்லெட்டா, வாசலில் படி இருக்கிறதா, தரை வழவழ டைல்ஸா, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தருவார்களா? இதை ஆப்பில் இருக்கும் கஸ்டமர் கேரிடம் கேட்காதீர்கள், லாட்ஜ் கவுண்டருக்கே நேராகப் போன் போடுங்கள். பாத்ரூம் வாசலை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிற லாட்ஜில், அங்கே போன பிறகும் ஒரு உதவி கேட்கலாம். "எல்லாம் நல்லா இருக்கும் வாங்க மேடம்" என்று மட்டும் சொல்கிற இடத்தை நான் விட்டுவிடுவேன், வாடகை 300 ரூபாய் குறைவாக இருந்தாலும்.

அடுத்தது லிஃப்ட். இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அந்த லிஃப்ட் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள். பல கட்டடங்களில் தெருவிலிருந்து ஏழெட்டுப் படி ஏறினால்தான் ரிசப்ஷனே வரும், லிஃப்ட் அதற்கப்புறம்தான். முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஏழெட்டுப் படியை ஒரு நாளில் நாலு தடவை ஏறி இறங்குவதுதான் கஷ்டம். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். தரைத்தளத்தில் ஒரு ரூம் கிடைத்தால் ஜன்னல் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இடம் என்று பார்த்தால் உங்கள் ரயில் சென்ட்ரலுக்கு வரும், அதற்காகச் சென்ட்ரல் எதிரிலேயே தங்க வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்குப் போகப்போவது வரும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போக வேண்டும். எழும்பூர் கென்னட் லேன் பக்கம் லாட்ஜ்கள் அதிகம், நுங்கம்பாக்கம் ஆட்டோ தூரம்தான். ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் ரோடு பக்கத்துச் சந்துகளில் வெளி மாநில நோயாளிகளுக்காகவே நடக்கும் விடுதிகள் இருக்கின்றன, சிலவற்றில் சமைத்துக்கொள்ள அடுப்பும் உண்டு. அம்மாவுக்குப் பத்தியச் சாப்பாடு என்றால் அங்கே முதலில் விசாரியுங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் வாடகை குறைவுதான், ஆனால் அவை தனியாக வேலை பார்க்கிற ஆண்களுக்காகக் கட்டியவை, பல இடங்களில் பாத்ரூம் பொது. உங்களுக்கு வேண்டாம்.

நேரக் கணக்கையும் கேளுங்கள். ராத்திரி ரயிலில் வந்தால் விடியற்காலையில் இறங்குவீர்கள். பகல் 12 மணி செக்-இன் என்கிற ஓட்டலில் அம்மாவை ஆறு மணி நேரம் சோபாவில் உட்கார வைக்க வேண்டிவரும், இல்லையென்றால் முந்தைய நாள் வாடகையையும் கேட்பார்கள். நம் ஊர் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது, காலை ஆறுக்கு உள்ளே போனால் மறுநாள் காலை ஆறு வரை. உங்களுக்கு அதுதான் தோது. 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 1,500 ரூபாய் அறைக்கு 75 ரூபாய்தான் வரி, பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் அப்பாவை மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்கு அழைத்துப் போகிறோம். இரண்டு ரூம் போட்டால் "எதுக்கு வீண் செலவு" என்று அப்பா சண்டைக்கு வருவார். ஒரே ரூமில் எக்ஸ்ட்ரா பெட் போட்டால் போதுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: எக்ஸ்ட்ரா பெட் என்றால் பெரும்பாலும் தரையில் விரிக்கிற மெத்தைதான். அப்பா "நான் கீழேயே படுத்துக்கிறேன்" என்றுதான் சொல்வார், விடாதீர்கள், தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் அந்த வயதில் பெரிய பாடு. கட்டில் அவருக்கு, மெத்தை உங்களுக்கு என்று சம்மதம் இருந்தால் ஒரே ரூம் நல்லதுதான், ராத்திரியில் அவர் எழுந்தால் உங்களுக்குத் தெரியும். கதவை உள்ளே தாழ் போடாமல் சாத்திவிட்டு மட்டும் பாத்ரூம் போகச் சொல்லுங்கள், கூச்சப்படுவார், இருந்தாலும் சொல்லுங்கள்.

ஆனால் மதுரையில் ரூமின் தூரத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். கோவில் நடை மதியம் 12.30-க்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் அப்பா வந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். ஸ்டேஷனுக்கும் கோவிலுக்கும் நடுவில், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் தங்கினால் அது முடியும். மாட்டுத்தாவணி பக்கம் வாடகை குறைந்து கிடைத்தாலும் ஆட்டோக்கார அண்ணன் அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்வார், அலைச்சல் தனி.

கேள்வி: அம்மாவுக்குக் காசி பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கங்கைக் கரையிலேயே ரூம் போடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: அம்மாவால் நாலு மாடி ஏற முடியுமா என்று முதலில் சொல்லுங்கள். படித்துறை ஓரத்து விடுதிகளுக்குப் பெரும்பாலும் வண்டி போகாது. மெயின் ரோட்டில் இறங்கி, இரண்டு பேர் ஒதுங்கி நடக்கவே சிரமமான சந்துகளில், மாடும் பைக்கும் வருகிற வழியில், பெட்டியோடு நடக்க வேண்டும். கட்டடங்கள் பழையவை, லிஃப்ட் அபூர்வம். ஜன்னலைத் திறந்தால் கங்கை என்கிற வரி உண்மைதான், அந்த ஜன்னல் மூன்றாவது மாடியில் இருக்கும்.

நான் சொல்வது, சிக்ரா, லங்கா மாதிரி அகலமான ரோடு உள்ள பகுதியில் லிஃப்ட் இருக்கிற சாதாரண ஓட்டலில் தங்கிவிட்டு இ-ரிக்‌ஷாவில் கோவிலுக்குப் பக்கத்துக் கோதௌலியா வரை வந்து போங்கள். விஸ்வநாதர் கோவிலில் 2021 டிசம்பரில் புது வளாகம் திறந்த பிறகு உள்ளே இடம் விசாலமாகிவிட்டது, சக்கர நாற்காலியும் கிடைக்கிறது. கங்கையைப் பக்கத்தில் பார்க்க அஸ்ஸி காட் என்கிற படித்துறைக்குப் போங்கள், ரோடு அருகிலேயே வந்துவிடும். தமிழ்ச் சாப்பாடும் நம் ஆட்களும் அருகில் இருந்தால்தான் அம்மாவுக்குத் தெம்பு என்றால் கோதௌலியாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது, 1863-ல் தொடங்கியது. முன்கூட்டியே பேசி, கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா என்று கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள். பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், வெந்நீர் வராத அறையில் அந்தக் குளிரை நம் ஊர் உடம்பு தாங்காது.

கேள்வி: ஸ்டேஷனிலேயே இருக்கும் ரிட்டயரிங் ரூம் எப்படி?
– வாசகர், தென்காசி

பதில்: ஒரு பகலோ ஓர் இரவோ ஓய்வெடுக்க நல்ல ஏற்பாடு, வாடகையும் குறைவு. கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோ ஆர்ஏசி டிக்கெட்டோ வேண்டும், பிஎன்ஆர் நம்பரைப் போட்டு ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம். அதிகபட்சம் 48 மணி நேரம்தான். மாடியில் இருந்தால் லிஃப்ட் உண்டா என்று ஸ்டேஷனில் தெரிந்தவர் யாரையாவது விட்டு விசாரித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், பணம் கட்டிய பிறகு படிக்கட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.