ஆபரேஷன் முடிந்த முழங்காலுக்குப் பிசியோதெரபியை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பிசியோதெரபி என்றாலே அழுகிறார். வாக்கர் பிடித்து நடக்கத்தான் செய்கிறாரே, இனி நிறுத்திவிடலாமா? தினமும் வீட்டுக்கு வருபவருக்குக் கொடுத்துக் கட்டுப்படியும் ஆகவில்லை.

பதில்:

நிறுத்தாதீர்கள். அதிலும் மூன்றாவது வாரத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நான் மதுரையில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்பவன். "இன்னிக்கு ஒரு நாள் விட்ருப்பா, நாளைக்குச் சேத்துச் செஞ்சுக்கலாம்" என்று கெஞ்சும் அம்மாக்களிடம் மல்லுக்கட்டுவதிலேயே என் பாதி நேரம் போய்விடும். ஆகவே உங்கள் அம்மா அழுவது எனக்குப் புதிதில்லை. அவர் நடிக்கவும் இல்லை, வலி நிஜம்தான்.

உள்ளே வைத்திருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதற்கு வலி தெரியாது. சுற்றியிருக்கும் தோலும் தசையும் மூட்டுறையும் அறுபட்டு ஆறிக்கொண்டிருப்பதால் வருகிற வலி இது. வெளியே தெரிகிற தழும்பு மாதிரியே உள்ளேயும் தழும்பு விழும். முதல் சில வாரங்களில் அது இளசாக இருக்கும், மடக்கி நீட்டினால் இழுபட்டு வழிவிடும். அப்படியே விட்டுவிட்டால் இறுகிவிடும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து டாக்டரே காலை மடக்கிவிட வேண்டிய நிலை வரலாம். அதையும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும் என்பார்கள்.

"நடக்கத்தான் செய்கிறாரே" என்கிறீர்கள். சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழவும், ஆட்டோவில் காலைத் தூக்கி வைத்து ஏறவும், மாடிப்படி இறங்கவும் 90 டிகிரியோ அதற்கு மேலோ வேண்டும். எனவே வீட்டுக்குள் நடக்கிறார் என்பதை வைத்துக் கால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது எவ்வளவு நீள்கிறது என்பதை. இன்று ராத்திரி அம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்காலுக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். பிறகு "என் கையை நசுக்குங்கம்மா" என்று சொல்லுங்கள். கை நன்றாக நசுங்கினால் சந்தோஷம். அம்மா முழு பலத்தோடு அழுத்தியும் கை தாராளமாகப் போய் வந்தால் கால் முழுதாக நீளவில்லை. பத்து டிகிரி குறைந்தாலே தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்தக் கால் குட்டையான மாதிரி ஆகி, நடை விந்தும். பாரம் எல்லாம் இன்னொரு முட்டிக்குப் போகும். அதுவும் ஏற்கெனவே தேய்ந்த முட்டியாகத்தான் இருக்கும்.

காலை நீளவிடாமல் செய்வது பெரும்பாலும் பாசம்தான். வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்துவிடுவார்கள், இதமாக இருக்கும். முட்டி மடங்கியே கிடந்து பழகிவிடும். ஒரு வீட்டில் நான் தலையணையை உருவி பீரோ மேல் வைத்துவிட்டு வருவேன், மறுநாள் போனால் அது பழைய இடத்திலேயே இருக்கும். மருமகளைக் கேட்டால் "நான் இல்லைங்க" என்பார். பார்த்தால், நாற்காலி போட்டு ஏறி எடுத்து வைப்பது ஐந்து வயதுப் பேத்தி. "பாட்டிதான் கேட்டாங்க" என்றது!

தலையணையை எடுத்துவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. இடையிடையே முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்தச் சொல்லுங்கள். அப்போது தொடைத் தசை கல் மாதிரி இறுக வேண்டும். ஆரம்பத்தில் இறுகாது, முட்டியில் வீக்கம் இருக்கும்வரை நரம்பு மண்டலமே அந்தத் தசையை அடக்கி வைத்திருக்கும். சோம்பல் என்று திட்டாதீர்கள்.

அழுகைக்கு ஒரு வழி இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, அவர் சொன்ன அளவு மாறாமல், பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் பேக் 15 நிமிடம். வெந்நீர் ஒத்தடம் இப்போது வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா தைலம் போட்டு நீவிவிடுகிறேன் என்று வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்காலில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ஆய்வுகளில் அதனால் பெரிய பலன் தெரியவில்லை. தசை தானாக உழைக்காமல் பலம் வராது.

பணத்துக்கு வருகிறேன். என் பிழைப்புக்கு நானே உலை வைக்கிற மாதிரி இருக்கும், பரவாயில்லை: தினமும் ஆள் வர வேண்டும் என்பதில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வாரம் இரண்டு தடவை வரச் சொல்லுங்கள். வந்து டிகிரி அளந்து பார்த்து, அடுத்த பயிற்சியை உங்களுக்குச் சொல்லித்தரட்டும், மற்ற நாள் நீங்களே செய்ய வையுங்கள். வருபவர் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப் படிப்பு) படித்தவர்தானா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் சேர்த்தி, காசு கிடையாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்து விசாரியுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.