ரெண்டு பில் கட்டினால் ரெண்டு மடங்கு வேகமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டில் இருக்கிறோம். எனக்குப் பாதி வாரம் வீட்டிலிருந்தே வேலை. மனைவி மாலையில் ஆன்லைன் டியூஷன் எடுக்கிறார். இணையம் அடிக்கடி போய்விடுவதால் வேறொரு நிறுவனத்திடமும் ஃபைபர் எடுக்க நினைக்கிறோம். 1 ஜிகாபிட்டும் 1 ஜிகாபிட்டும் சேர்ந்து 2 ஆகுமா? எந்த ரவுட்டர் வாங்கலாம்?

பதில்: ஆகாது. டூயல் வான் ரவுட்டர், அதாவது இரண்டு இணைய லைன்களைச் செருகக்கூடிய ரவுட்டர், வேகத்தைக் கூட்டாது. ஒவ்வொரு இணைப்பையும் (ஒரு வீடியோ அழைப்பு, ஒரு பதிவிறக்கம் போன்றவை) ஏதாவது ஒரு லைனுக்கு அனுப்பிப் பங்கு போடும். உங்கள் அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கில் பாதுகாப்பாக நுழையும் வழி) ஓர் இணைப்பு என்றால், அது ஏதாவது ஒரு லைனில் மட்டுமே போகும். வேகச் சோதனை ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறப்பதால் அங்கே கூட்டுத்தொகை தெரியலாம். கடையில் அதைக் காட்டி விற்பார்கள், மயங்க வேண்டாம்.

இரண்டாவது ஃபைபர் பொருத்துவது சிரமமில்லை. வீட்டு ஃபைபர் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு போர்ட் இருக்கும். ஆனால் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று பில் யார் பெயரில் வந்தாலும் வீடு வரை வரும் ஃபைபர் பொதுவாக, கேபிளை அமைத்து எல்லா நிறுவனங்களுக்கும் தரும் நெட்லிங்க் டிரஸ்டுடையதுதான். வெளியே கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். நிறுவனத்தின் பக்கம் கோளாறு என்றால்தான் இன்னொன்று கைகொடுக்கும்.

அதனால் இரண்டாவது லைனை 5ஜி சிம்மாக எடுங்கள் என்பேன் (சிம்மைப் போட ஒரு 5ஜி மோடம் பெட்டி வேண்டும், அதை ரவுட்டரில் செருகலாம்). ஃபைபர் தரும் நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனமாக இருக்கட்டும். மலிவு சிம் விற்பவர்கள் பலர் பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். யாருடையது என்று கேட்டே வாங்குங்கள்.

புது ரவுட்டருக்கு முன் இருப்பதைப் பாருங்கள். ஆசுஸ் மாடல்கள் பலவற்றில் லேன் போர்ட்டையோ (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) யுஎஸ்பியையோ இரண்டாவது வானாக (இணைய லைன் செருகும் துளை) மாற்றலாம். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் டிபி-லிங்க் இஆர்605 போதும். அதன் போர்ட்டுகள் ஜிகாபிட் வரைதான், 10 ஜிகாபிட் பிளான் வைத்திருப்பவர்களுக்குச் சரிவராது.

ரவுட்டர் அமைப்பில் 'லோட் பேலன்ஸ்' (இரு லைனிலும் பங்கு போடுவது) வேண்டாம், 'ஃபெயில்ஓவர்' (ஒன்று போனால் மட்டும் மற்றதுக்கு மாறுவது) வையுங்கள். பங்கு போட்டால் பக்கத்துக்குப் பக்கம் ஐபி முகவரி மாறலாம், சில வங்கித் தளங்கள் சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும். லைன் உயிரோடு இருக்கிறதா என்பதை 8.8.8.8, 1.1.1.1 போன்ற வெளி முகவரிகளுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்க்க ரவுட்டருக்குச் சொல்லுங்கள். இல்லையேல் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதே என்று ரவுட்டர் செத்த லைனையே பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று: இரு நிறுவனப் பெட்டிகளும் 192.168.1 என்று தொடங்கும் முகவரியையே கொடுத்தால் ரவுட்டர் குழம்பும். ஒன்றை மாற்றிவிடுங்கள்.

லைன் மாறும் நொடியில் வீடியோ வகுப்பு அறுந்து மீண்டும் சேரும், விபிஎன்னில் திரும்ப நுழைய வேண்டிவரலாம். அதை இந்த அமைப்பால் தவிர்க்க முடியாது.

செலவு? வீட்டு ஃபைபர் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம். சிம்மை ஒப்பந்தமில்லாமல் எடுத்தால், பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நிறுத்திவிடலாம்.