வாசகர் கேள்வி – பதில்: தகரக் கூரையில் சோலர் பனல்

கேள்வி: எமது வீடு கல்லடியில், கடற்கரைக்கு மிக அருகில் உள்ளது. மரக் கூரையின் மேல் அலுமினியமும் நாகமும் பூசிய தகடு போட்டிருக்கிறோம். ஐந்து கிலோவாட் சோலர் பொருத்த வந்தவர், சிறு அலுமினியத் துண்டுகளைத் தகட்டிலேயே திருகாணியால் இறுக்கினால் போதும் என்றும், பனல்களின் பாரமே அவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார். இதை நம்பலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: நம்ப வேண்டாம். தற்போது பரவலாகப் பொருத்தப்படும் 550 வாட் பனல் ஒன்று ஏறத்தாழ 28 கிலோ எடையும் இரண்டரைச் சதுர மீற்றருக்குச் சற்று அதிகமான பரப்பும் உடையது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தோராயக் கணக்கில், அத்தகைய ஒரு பனலை 120 கிலோ அளவு விசையுடன் மேல்நோக்கி இழுக்கக்கூடும். கூரையின் ஓரங்களிலும் முகட்டருகிலும் அது இன்னும் அதிகமாகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி கூரைகளைப் பெயர்த்தெறிந்த மாவட்டத்தில் வாழும் நாம், பனல் கீழே அழுத்தும் பாரத்தைவிட அதை மேலே தூக்கும் காற்றையே முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் தகட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இருக்கும். அதில் மட்டும் பிடித்திருக்கும் திருகாணி, இழுவை வரும்போது துளையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தகட்டின் அடியில் குறுக்காக ஓடும் மரச் சட்டமான ரீப்பையில் பிடித்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. பல வீடுகளில் இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலமேயான ரீப்பை, கைமரத்தில் ஒற்றை ஆணியால்தான் அறையப்பட்டிருக்கிறது, அந்த ஆணி கழன்றால் ரீப்பை, தகடு, பனல் எல்லாம் ஒன்றாகவே எழும்பும். ஆகவே பனல்கள் அமரும் நீண்ட உலோகச் சட்டமான ரெயிலைத் தாங்கும் ஒவ்வொரு பாதமும், ரீப்பை கைமரத்தைக் கடக்கும் இடத்தில் அமைய வேண்டும். திருகாணி தகட்டையும் ரீப்பையையும் கடந்து கைமரத்துக்குள் குறைந்தது இரண்டு அங்குலமாவது இறங்க வேண்டும். துளை தகட்டின் மேட்டில் இருக்க வேண்டுமே தவிர, மழைநீர் ஓடும் பள்ளத்தில் இருக்கக் கூடாது. மேட்டின் அடியில் வெற்றிடம் இருப்பதால், அந்த மேட்டின் வடிவத்துக்குப் பொருந்தும் பாதத்தையே கேட்டு வாங்குங்கள். இறப்பர் வொஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் தகடு நசுங்கும், வொஷரும் விரைவில் வெடிக்கும்.

வேலை தொடங்குமுன் சீலிங்குக்கு மேலே ஏறி, கைமரங்கள் சுவரின் மேலுள்ள கொங்கிறீற் வளையத்துடன் இரும்புப் பட்டியாலோ போல்டாலோ கட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வெறுமனே வைத்திருந்தால் முதலில் அதைச் சீர்செய்யுங்கள். உளுத்த கைமரம் ஒன்று கண்ணில் பட்டாலும் அதை மாற்றும் வரை பனல் ஏற்ற வேண்டாம்.

கடற்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரெயிலையும், பனலை அதில் பிடித்துவைக்கும் கிளாம்பையும் இணைக்கும் போல்டுகள் 316 தரத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் திருகாணிகளுக்கோ, தகடு தயாரித்தவர் அனுமதிக்கும் அரிப்பெதிர்ப்புப் பூச்சுள்ள வகையையே பயன்படுத்த வேண்டும்; உப்புக் காற்றில் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி, தன்னைச் சுற்றியுள்ள நாகப் பூச்சை அரித்துவிடும். பனல் சட்டங்களும் ரெயில்களும் புவித்தொடுப்பில் இணைக்கப்படுவது கட்டாயம், ஆனால் அதற்கான செப்புக் கம்பி தகட்டின் மேல் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. செம்பில் பட்டு வழியும் மழைநீரே காலப்போக்கில் தகட்டில் ஓட்டை போடும். துளையிடும்போது சிதறும் இரும்புத் துகள்களை அன்றே கூட்டி அள்ளச் சொல்லுங்கள். ஓர் இரவுப் பனியிலேயே அவை செம்மஞ்சள் புள்ளிகளாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் கடையின் கூரை இரும்புச் சட்டத்தின் மேல் அமைந்தது. கால்கள் வைத்து இருபது பாகை சாய்த்தால் மின்சாரம் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: அக்கரைப்பற்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் இருப்பதால், கூரையின் இயல்பான சாய்வே பெரும்பாலும் போதுமானது. கால் வைத்து உயர்த்துவதால் கிடைக்கக்கூடிய சிறிய இலாபத்துக்காக, காற்றுப் புகுந்து தூக்கும் வாய் ஒன்றை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். கூரைக்கு இணையாக, நான்கு அங்குல இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். வெப்பம் ஒரு பாகை கூடும்போது பனலின் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறைவதால், கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலுக்கு அந்த இடைவெளி அவசியம். பாதங்களை இரும்புச் சட்டத்திலேயே இறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சோலர் பொருத்திய பிறகு மூன்று இடங்களில் ஒழுகுகிறது. சிலிக்கோன் பூசலாமா?
– வாசகர், மருதமுனை

பதில்: மேலே பூசுவது ஒரு மாரிக்குத் தாங்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். திருகாணியைக் கழற்றி வொஷரைப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலோ திருகாணி சரிந்து இறங்கியிருந்தாலோ, வொஷரையும் திருகாணியையும் மாற்றி நேராக இறக்க வேண்டும். சிலிக்கோன் தேவைப்படும் இடத்திலும் வினாகிரி மணம் வீசும் வகையைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள அமிலம் நாகப் பூச்சைத் தின்னும். உலோகத்துக்குரிய நடுநிலை வகை எனக் குழாயில் குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். இந்த வேலையை ஒக்டோபர் மழைக்கு முன்னர், இன்வேர்ட்டரை நிறுத்திய பின், பொருத்தியவரைக் கொண்டே செய்வியுங்கள். வெயில் இருக்கும் வரை பனலிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், ஈரத் தகரத்தில் நீங்களாக ஏற வேண்டாம்.