ஆல்ப்ஸ் மலையில் வண்டித் தொல்லை இல்லாமல் ஒரு ஏரியைச் சுற்றி சைக்கிள் பயணம் போக முடியுமா?

கேள்வி கேட்டவர் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். ஏரி மலையில் நல்ல உயரத்தில் இருக்க வேண்டும், கார், லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டும்படி இருக்கக் கூடாது. கூடவே, தனக்குப் பெரிய பயிற்சி எதுவும் கிடையாது என்றும் சொல்கிறார்.

நான் கை காட்டுவது ரெஷன் ஏரியை. இத்தாலியின் வடக்கு ஓரத்தில், தெற்கு டிரோல் மாகாணத்தில், ஆஸ்திரிய எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உயரம் 1,498 மீட்டர். மூச்சு வாங்கும் அளவுக்கான உயரம் இல்லை, ஆனால் குளிர்காலத்தில் ஏரி முழுக்க உறைந்துபோகும். நீளம் 6 கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 15 கிலோமீட்டர்.

வெறும் 15 கிலோமீட்டருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த ஏரி ஒரு நீண்ட பாதையின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. எட்ச் ஆறு (இத்தாலியர்களுக்கு அடிஜே) பிறப்பது ரெஷன் கிராமத்துக்கு மேலேதான். அந்த ஆற்றை ஒட்டியே தெற்கே மெரான் நகரம் வரை சுமார் 80 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். மெரான் இருப்பது 325 மீட்டர் உயரத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீட்டர் இறக்கம். ஏரிச் சுற்றையும் இந்த இறக்கத்தையும் சேர்த்து வைத்தால்தான் போய்வந்த செலவுக்கு ஈடு.

முதலில் ஏரி. வடக்கு முனையில் இருக்கும் ரெஷன் கிராமத்தில் தொடங்கி, மேற்குக் கரை வழியாகத் தெற்கே இறங்குங்கள். காலை வெயில் அந்தக் கரையில்தான் முதலில் விழும். இந்தப் பக்கம் பொது வாகனப் போக்குவரத்து கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் புல்வெளியும் ஊசியிலைக் காடும். தட்டையான பாதை என்று நினைத்துவிட வேண்டாம், சின்னச் சின்ன ஏற்றங்கள் அடுத்தடுத்து வரும். இரண்டு பக்கமும் பை தொங்கவிட்ட சைக்கிள் என்றால் கியரைக் குறைத்து நிதானமாக மிதிக்க வேண்டியிருக்கும். எதிரே தெற்கில் ஓர்ட்லர் சிகரம் (3,905 மீட்டர்) பனியோடு நிற்கும். டயர் ரொம்ப ஒல்லியாக இல்லாமல் இருப்பது நல்லது.

தெற்கு முனையில் சாங்க்ட் வாலன்டின் என்ற ஊர். அங்கே அணையைக் கடந்து கிழக்குக் கரைக்கு மாறி வடக்கே திரும்ப வேண்டும். இந்தக் கரையில் நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடும். உங்கள் பாதை தனிதான், ஆனால் சத்தம் கேட்கும். வார இறுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டம் ரெஷன் கணவாயைத் தேடி வரும், அந்த உறுமல் எனக்குப் பிடிப்பதில்லை. முடிந்தால் வார நாளில் போங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து தெற்குக் காற்று கிளம்பும். பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிறவர்கள் இதற்காகவே வந்து காத்திருப்பார்கள். நான் சொன்ன திசையில் போனால் அந்தக் காற்று உங்கள் முதுகில் படும். நம் ஊர்க் கோயில் வழக்கத்துக்கு இது நேர் எதிர்ச் சுற்று, காற்றுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தக் கோபுரம். கிரவுன் என்ற ஊருக்கு எதிரே, தண்ணீருக்கு நடுவில் ஒரு தேவாலய மணிக்கூண்டு மட்டும் நிற்கும். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கரையில் கார் நிறுத்துமிடம் இருப்பதால் சுற்றுலாப் பேருந்துகள் வந்து, ஆட்களை இறக்கி, படம் எடுத்ததும் ஏற்றிக்கொண்டு போகும். சைக்கிளில் வந்தவர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. ஏனென்றால் நீங்கள் சுற்றி வந்த ஏரியே பாதிக்கு மேல் மனிதர் செய்தது.

முன்பு இங்கே தனித்தனியாகச் சின்ன ஏரிகள்தான் இருந்தன. நீர்மின் உற்பத்திக்காக நீர்மட்டத்தை 5 மீட்டர் உயர்த்துவதாக 1920இல் ஒரு திட்டம் இருந்தது. 1939இல் அது 22 மீட்டர் என்று மாறியது. 5 மீட்டரில் ஊர் தப்பியிருக்கும், 22 மீட்டரில் மூழ்கும். முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி இது, மக்கள் பேசுவது ஜெர்மன். அவர்கள் எதிர்ப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பாதிரியார் போப்பாண்டவரைப் பார்க்க ரோம் வரை போனார், பலன் இல்லை. 1950இல் பழைய கிரவுன் ஊரும் ரெஷன் ஊரின் ஒரு பகுதியும் நீரில் போயின. 163 வீடுகள், 523 ஹெக்டேர் விளைநிலம். வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மணிக்கூண்டு பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

குளிர்காலத்தில் தண்ணீருக்குள்ளிருந்து மணியோசை கேட்கும் என்று ஒரு கதை உலவுகிறது. மணிகளை 1950 ஜூலை 18ஆம் தேதியே, தேவாலயத்தை இடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே, கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். சேலம் பக்கத்துக்காரனான எனக்கு இந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போது மேட்டூர்தான் நினைவுக்கு வரும். அங்கே நீர் வற்றினால்தான் பண்ணவாடி நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். இங்கே ஆண்டு முழுக்கத் தெரிகிறது, அதனாலேயே படம் எடுக்கும் பொருளாகிவிட்டதோ என்று தோன்றும்.

இது மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம் என்பதில் நடைமுறைப் பாடமும் ஒன்று உண்டு. குளிர்காலம் முழுக்கத் தண்ணீரை எடுப்பதால் வசந்த காலத்தில் நீர்மட்டம் இறங்கி, கரையெல்லாம் சேறும் கல்லுமாக இருக்கும். பனி உருகி ஏரி நிறைவது கோடைத் தொடக்கத்தில். ஆகவே ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் சரியான காலம். ஜூலையில் போனால் இந்தப் பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட் பழமும் கிடைக்கும்.

போய்ச் சேருவது எப்படி? இரண்டு வழி. வடக்கிலிருந்து வருகிறவர்கள் ஆஸ்திரியாவில் லான்டெக் ரயில் நிலையத்தில் இறங்கி, இன் ஆற்றை ஒட்டி ஃபுன்ட்ஸ் வரை மிதிக்கலாம். ரோமானியர்கள் போட்ட கிளாவுதியா அவுகுஸ்தா சாலையின் பெயரில் இன்று இருக்கும் நெடுந்தூர சைக்கிள் வழி இதுதான். ஃபுன்ட்ஸுக்கு மேலே கவனம் தேவை. அங்கிருந்து நவுடர்ஸ் (ரெஷனுக்கு முன் வரும் கடைசி ஆஸ்திரிய ஊர்) ஏறும் நெடுஞ்சாலை குறுகலானது, குகைப் பாதைகளும் உண்டு, சைக்கிளுக்கு ஏற்றதல்ல. சைக்கிள்காரர்கள் எல்லாரும் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, மார்ட்டினா என்ற ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் வழியாக நோர்பெர்ட்ஸ்ஹோயே என்ற மேட்டை ஏறி நவுடர்ஸில் இறங்குவார்கள். அந்த ஏற்றத்தில் கார் வரும், ஆனால் சரிவு ஒரே சீராக இருப்பதால் மிதிக்க முடியும். பயிற்சி இல்லாதவர்கள் கோடையில் ஓடும் சைக்கிள் ஏற்றும் பேருந்தைப் பிடிப்பதில் எந்த அவமானமும் இல்லை. மூன்று நாடும் ஷெங்கன் என்பதால் ஒரே விசா போதும். சுவிஸ் பக்கம் போகும் அந்தச் சிறிது நேரம் மட்டும் மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள், ஐரோப்பிய ஒன்றிய சிம்மின் இலவச ரோமிங் அங்கே பொதுவாகச் செல்லாது.

கேள்வி கேட்டவருக்கு ஏற்றது இரண்டாவது வழி. மெரானிலிருந்து, ஏரிக்குத் தெற்கே இருக்கும் மால்ஸ் என்ற ஊர் வரை சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது. மூடிக் கிடந்த பாதையை 2005இல் திரும்பத் திறந்தார்கள், அதற்குப் பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்கே சைக்கிள்காரர்களின் இடமாக மாறியது. மால்ஸிலிருந்து ரெஷனுக்குப் பேருந்து. வாடகை சைக்கிளை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விட்டுவிடலாம். சொந்த சைக்கிள் என்றால் கோடையில் ரயிலில் இடம் கிடைக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் க்னோடல் என்ற ரொட்டி உருண்டையைக் கேட்கும்போது கீரை போட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சும்மா கேட்டால் பன்றி இறைச்சி போட்டது வந்து சேரும். கீரையும் பாலாடைக்கட்டியும் அடைத்த ஷ்லுட்ஸ்க்ராப்ஃபென் என்ற பண்டமும் நன்றாக இருக்கும்.

சுற்று முடிந்த மறுநாள் தெற்கே இறங்குங்கள். அணைக்குக் கீழே ஹைடர் ஏரி என்ற சின்ன ஏரி, அதன் பிறகு மால்ஸ் மேட்டில் பரந்த புல்வெளி, வலது பக்கச் சரிவில் வெள்ளையாக மரியன்பெர்க் மடாலயம். அடுத்து குளுர்ன்ஸ். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்குச் சுற்றிலும் முழுக் கோட்டை மதில். மதிலுக்குள் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். அதற்குக் கீழே ஆப்பிள் தோட்டங்கள்தான், மெரான் வரை. ஆல்ப்ஸிலேயே மழை மிகக் குறைந்த பள்ளத்தாக்குகளில் ஒன்று இது, அதனால் தண்ணீர்ப் புட்டியைப் பார்க்கும் இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் இறக்கம் செங்குத்து. ஹைடர் ஏரியைத் தாண்டி புர்கைஸ் இறங்கும்போது ஒன்று, மெரானுக்குச் சற்று முன் டோல் என்ற இடத்துக்குக் கீழே வளைந்து வளைந்து போகும்போது ஒன்று. குழந்தைகள் கூட வந்தால் அந்தத் துண்டுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே போகலாம். வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் கடையை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.